இரண்டு நிமிட வாத்தியார்கள்

கடலோரக் குடியிருப்புகளில் தெருக் கிரிக்கெட்டின் விதிகளைத் தெருவின் அகலம்தான் தீர்மானிக்கிறது. புதுச்சேரியின் குருசுக்குப்பமும் அதற்கு விலக்கில்லை. பந்து நேரே மாடியில் போய் விழுந்தால் அவுட். ஒரு பிட்ச் விழுந்து எழும்பும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். சுவரில் கரித்துண்டால் இழுத்த மூன்று கோடுகள்தான் ஸ்டம்ப். ரப்பர் பந்தோடு பத்து வயதுப் பையன் ஒருவன் எதிர்முனையிலிருந்து வருகிறான். முதலில் தத்தித் தத்தி நாலைந்து சின்ன எட்டு. பிறகு இடக்கையை முன்னால் விறைப்பாக நீட்டி, வலக்கையை மடக்காமல் தலைக்கு மேல் சுழற்றி ஒரு வீச்சு. கிரிக்கெட் பார்ப்பவர் எவருக்கும் சட்டென்று தெரிந்துவிடும், அது ஜஸ்பிரித் பும்ராவின் ஓட்டம்.

அவன் மணலில் ஆடாமல் தெருவில் ஆடுவதற்கும் காரணம் உண்டு. 1980-களின் பின்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான கல் தடுப்புகள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் அங்கேயே நின்றுபோனது. வடக்கே இருக்கும் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர்ப் பகுதிகளில் மணல் கரைந்து, அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. தாத்தா காலத்தில் வலை உலர்ந்த, கபடி ஆடிய மணல்வெளி, பேரன் காலத்தில் பாறைக் குவியல். ஆட இடம் சுருங்கியது. ஆட்டத்தைக் காட்டும் திரை மட்டும் வீட்டுக்கு வீடு பெருகியது.

அந்தப் பையனுக்குப் பும்ராவின் ஓட்டத்தை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தரவில்லை. டிவி சொல்லித் தந்தது. விளையாட்டு வீரர்கள் திரை வழியே குழந்தைகளுக்கு வாத்தியார்களாக இருக்கிறார்கள். அதில் விவாதத்துக்கு இடமில்லை. அவர்கள் எதைக் கற்றுத் தருகிறார்கள், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. உலகின் சில நாடுகள் இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டு விடை தேடின. தமிழில் அந்தத் தேடல் இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை.

ராபின்சன் சொன்ன எழுத்துகள்

அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் பள்ளிக்கூடம் சேரும் முன்பே எழுத்தும் எண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதன் தொடக்க நாட்களில் ஒரு பகுதி. நரைத்த தலையோடு ஒருவர் காமிராவைப் பார்த்து நின்று ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாட்டு இல்லை, பொம்மை இல்லை. அவர் பெயர் ஜாக்கி ராபின்சன். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த அமெரிக்கப் பேஸ்பால் பெருந்தொடருக்குள், 1947 ஏப்ரல் 15 அன்று கால் வைத்த கறுப்பின வீரர்.

அவர் அப்போது பேஸ்பாலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. அவரைப் பார்த்த மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கோ அவர் யார் என்று தெரியும். அப்பா எழுந்து போகாமல் உட்கார்ந்தார். இது தற்செயலாக அமைந்ததன்று. பெரியவர்களும் உடன் இருந்து பார்த்தால் குழந்தை கூடுதலாகக் கற்கிறது என்பதை நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். பெரியவர்களை இழுத்து உட்காரவைக்கவே புகழ்பெற்றவர்களை அழைத்தார்கள்.

நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்சும் இதே போல எழுத்துகளைச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தும் முதலில் திரையில் தோன்றும், பிறகு ஓர் இடைவெளி, அதன் பிறகே அவர் வாய் திறப்பார். அந்தப் பகுதியைக் குழந்தைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முதல் தடவைகளில் குழந்தை அவரோடு சேர்ந்து சொல்கிறது. சில தடவைகள் ஆனதும், எழுத்து தோன்றிய உடனே அவரை முந்திச் சொல்கிறது. இன்னும் சில தடவைகளில், எழுத்து திரைக்கு வரும் முன்பே அடுத்தது எது என்று கத்துகிறது. ஆய்வுலகில் இதற்கு அந்த நடிகரின் பெயரே நிலைத்துவிட்டது. குழந்தைக்கான பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் கிடையாது: சுருக்கமாக இருக்கட்டும், மெதுவாக இருக்கட்டும், திரும்பத் திரும்ப வரட்டும், நடுவில் குழந்தை பதில் சொல்ல இடம் இருக்கட்டும்.

வில்லியம்ஸ் சகோதரிகள், நவோமி ஒசாகா என்று பிற்காலத்திலும் ஆட்டக்காரர்கள் அந்தத் தெருவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

பிட்ஸ்பர்க் நகரத்தில் தயாரான 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' வேறொரு வழியில் போனது. ஃப்ரெட் ராஜர்ஸ் தன் நிகழ்ச்சிக்கு லின் ஸ்வானை அழைத்தார். ஸ்வான், அந்த ஊரின் ஸ்டீலர்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், முட்டி மோதும் அந்த ஆட்டத்தில் பெரிய நட்சத்திரம். ராஜர்ஸ் அவரைக் குழந்தைகளுக்குக் காட்டியது பாலே நடன வகுப்பில். சின்ன வயது முதல் பாலே பயின்றதுதான் தன் தாவலுக்கும் உடல் கட்டுப்பாட்டுக்கும் துணை நின்றது என்று ஸ்வான் சொல்லிவந்தவர். நடனம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த ஒரு பையனுக்கு அந்தச் சில நிமிடங்கள் என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். எந்த அறிவுரையும் அதைச் செய்திருக்காது.

ஐஸ்லாந்தின் மாக்னுஸ் ஷெவிங் இன்னும் ஒருபடி மேலே போனார். ஏரோபிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஐரோப்பியப் பட்டம் வென்ற அவர், குழந்தைகளுக்காகப் புத்தகம் எழுதி, அதை நாடகமாக்கி, 2004-இல் 'லேஸி டவுன்' என்ற தொலைக்காட்சித் தொடராக வளர்த்தார். அதில் தானே நாயகனாகத் தோன்றிக் குட்டிக்கரணம் போட்டார். தொடரில் பழத்துக்கும் காய்கறிக்கும் 'ஸ்போர்ட்ஸ் கேண்டி' என்று பெயர். கேரட் தின்னச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, கேரட்டுக்கு ஆட்டக்காரனின் மிட்டாய் என்று பெயர் வைப்பது பலிக்கும் என்பது அவர் கணக்கு. பிரிட்டனில் தடகள வீரர் கிரிஸ் அகபுசி 'ரெக்கார்டு பிரேக்கர்ஸ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். இவர்களெல்லாம் விருந்தினராக வந்து கையசைத்துவிட்டுப் போனவர்கள் அல்லர். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டவர்கள்.

தமிழ் வராத இரண்டு திட்டங்கள்

இந்தியாவும் இந்தத் துறையில் பிந்தி வந்த நாடன்று. டெல்லியில் பள்ளிகளுக்கான தொலைக்காட்சிப் பாடம் 1961-லேயே தொடங்கிவிட்டது. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு நடந்த 'சைட்' செயற்கைக்கோள் சோதனை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுபோனது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. 1980-களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியே பள்ளிக் குழந்தைகளுக்கான ஒளிபரப்பு வந்தபோதும் ஆறு மாநிலங்களே தேர்வாயின. அதிலும் தமிழ்நாடு இல்லை. குழந்தைகளுக்கான கல்விப் படங்களை எடுக்கும் மாநில நிறுவனங்களும் அந்த மாநிலங்களில்தான் அமைந்தன. தமிழில் குழந்தைகளுக்கென்று படம் எடுக்கும் கைப்பழக்கம் ஒரு தலைமுறைக்கு வளராமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. 'கண்மணிப் பூங்கா' போன்ற நிகழ்ச்சிகள் குழந்தைகளைப் பாடவும் பேசவும் வைத்தன. ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் நினைவில் பதிந்த ஆட்டக்காரர்கள் வேறொரு வழியாக வந்தார்கள். 1985-இல் சுதந்திரச் சுடரைக் கைமாற்றிக்கொண்டு ஓடும் ஒரு சிறு படத்தில் கவாஸ்கரும் கபில்தேவும் பி.டி. உஷாவும் ஓடினார்கள். 1988 சுதந்திர தினத்தில் வெளியான 'மிலே சுர் மேரா துமாரா' படத்தில் பாலமுரளிகிருஷ்ணாவின் தமிழ் வரிகளும் கமல்ஹாசனும் வந்த அதே வரிசையில் பிரகாஷ் படுகோனே, சையது கிர்மானி, வெங்கட்ராகவன், கால்பந்து வீரர் சுனி கோஸ்வாமி ஆகியோரும் தோன்றினார்கள்.

இரண்டு படங்களும் எதையும் பாடமாக நடத்தவில்லை. ஆனால் நாடு என்பது பல முகங்கள், பல மொழிகள் என்பதைச் சில நிமிடங்களில் மனத்தில் பதித்தன. திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதால் ஒரு சொல்லும் பொருள் தெரியாத மொழியின் வரியைக்கூடப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடினார்கள். ஜோன்ஸ் எழுத்துகளைச் சொன்ன போது நடந்ததும் இதேதான்.

2006-இல் செசமி ஸ்ட்ரீட்டின் இந்திய வடிவமான 'கலி கலி சிம் சிம்' இந்தியில் வந்தது. சம்கி என்ற பள்ளிச் சீருடைப் பெண்ணும் பூம்பா என்ற சிங்கமும் வடநாட்டுக் குழந்தைகளுக்குத் தோழர்களானார்கள். 2020-இல் கொரோனாக் காலத்தில், கை கழுவுவது உள்ளிட்ட ஐந்து பழக்கங்களை விளக்கும் ஃபிஃபா, உலக சுகாதார நிறுவனக் காணொளியில் மெஸ்ஸியோடு சுனில் சேத்ரியும் இடம்பெற்றார். 2021 செப்டம்பரில் பள்ளி மாணவர்களுக்கான 'ஃபிட் இந்தியா' வினாடி வினா அறிவிக்கப்பட்டபோது நீரஜ் சோப்ராவும் பி.வி. சிந்துவும் காணொளி வழியே மாணவர்களோடு பேசினார்கள். மொத்தப் பரிசு 3.25 கோடி ரூபாய். அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று நீரஜ், அகமதாபாத்தில் ஒரு பள்ளிக்கே சென்று சமச்சீர் உணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் பிள்ளைகளிடம் பேசினார். ஒலிம்பிக் வீரர்கள் பள்ளிகளுக்குச் செல்லும் திட்டம் அதோடு தொடங்கியது.

இவை நல்ல முயற்சிகள். ஆனாலும் ஒரு குறை எல்லாவற்றிலும் ஓடுகிறது. வீரர் வருகிறார், பேசுகிறார், போய்விடுகிறார். 'நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாக ஆடுங்கள், நன்றாகப் படியுங்கள்' என்ற வாக்கியங்கள் எந்த மேடையிலும் கேட்பவைதான். ஈட்டியைப் பிடிக்கும்போது விரல் எங்கே இருக்கிறது என்பதை நீரஜைத் தவிர வேறு யாரால் அவ்வளவு அழகாகக் காட்ட முடியும்? அந்த இரண்டு நிமிடம், கடைசிக் கிராமத்துக் குழந்தையின் திரைக்கு அவள் மொழியிலேயே வந்துசேர வேண்டும்.

விளம்பரம் முந்திக்கொண்ட இடம்

தமிழ்க் குழந்தை திரையில் ஓர் ஆட்டக்காரரையும் ஒரு சிறுவனையும் சேர்ந்தாற்போல் பார்த்த முதல் காட்சி எது என்று நாற்பது வயதுக்காரர்களைக் கேட்டால், பெரும்பாலோர் ஒரே விடையைச் சொல்வார்கள்: பூஸ்ட் விளம்பரம். 1980-களில் கபில்தேவ், பிறகு சச்சின், சேவாக், தோனி, கோலி. தலைமுறை மாறினாலும் கட்டுமானம் மாறவில்லை. முப்பது விநாடி. ஓர் ஆட்டக்காரர், அவருக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை. சொல்லிச் சொல்லிப் பழகும் ஒரே வாக்கியம். கடைசியில் அதைக் குழந்தையும் சேர்ந்து சொல்லும்.

செசமி ஸ்ட்ரீட் ஆய்வாளர்கள் வகுத்த இலக்கணம் முழுவதும் இங்கே இருக்கிறது. சுருக்கம், திருப்பிச் சொல்லல், குழந்தையின் பங்கு, அப்பாவுக்கும் பிடித்த முகம் எல்லாம் உண்டு. கற்பிக்கும் கலையில் எந்தக் குறையும் இல்லை. கற்பித்த பொருள்தான் ஒரு மாவுப்பானம்.

உலகம் முழுவதும் இதே நிலைதான். அமெரிக்காவில் 100 முன்னணி விளையாட்டு வீரர்கள் எந்தெந்தப் பொருளுக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து, 2013-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஆதரித்த உணவுப் பொருள்களில் 79 விழுக்காடு, கலோரி மிகுந்து சத்துக் குறைந்தவை. 46 பானங்களில் 93.4 விழுக்காட்டில், கலோரி அத்தனையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்தே வந்தது. உடலைப் பேணி உச்சம் தொட்டவர்களின் முகம், உடலைக் கெடுக்கும் பொருளின் மேல் ஒட்டப்பட்டிருந்தது.

மறுத்தவர்களும் இருக்கிறார்கள். 2001-இல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், குளிர்பான விளம்பர வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்றார். தான் குடிக்காததைப் பிறரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்பது அவர் நிலை. 2017-இல் விராட் கோலி தன் குளிர்பான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சட்டமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. எச்சரிக்கை வாசகம் தேவைப்படும் பொருள்களுக்கும் குழந்தைகள் வாங்கக் கூடாத பொருள்களுக்கும், சிறாரை நோக்கிய விளம்பரங்களில் விளையாட்டு, இசை, திரைத்துறைப் பிரபலங்கள் தோன்றக் கூடாது என்று 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறி வகுத்தது. சத்துப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

தடை ஒரு பாதி வேலைதான். விளம்பரம் விலகும் இடத்தில் நல்லதொன்றை வைக்காவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு விளம்பரமே வரும்.

தெரிந்த முகம் என்ன செய்யும்?

திரையில் பார்ப்பதைக் குழந்தைகள் அப்படியே செய்து பார்ப்பார்கள் என்பதை ஆல்பர்ட் பந்துரா 1960-களின் தொடக்கத்தில் தன் பொம்மைச் சோதனைகளால் நிறுவினார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் படத்தில் பார்த்த குழந்தைகளும் அதே மாதிரி அடித்தார்கள். கெட்டது போய்ச் சேரும் வழியில் நல்லதும் போய்ச் சேரும். ஆனால் யார் சொன்னாலும் சேருமா?

2011-இல் வெளியான ஒரு சோதனை இதற்கு விடை தருகிறது. 21 மாதக் குழந்தைகளுக்குக் கிண்ணங்களை அளவு வாரியாக அடுக்கும் விதத்தைக் காணொளியில் காட்டினார்கள். ஒரு குழுவுக்குக் காட்டியது அமெரிக்கக் குழந்தைகள் நன்றாக அறிந்த செசமி ஸ்ட்ரீட் பொம்மை எல்மோ. இன்னொரு குழுவுக்குக் காட்டியது தைவானில் புகழ்பெற்ற, அமெரிக்கக் குழந்தைகள் பார்த்தேயிராத டோடோ. செயல் ஒன்றுதான். எல்மோவிடம் பார்த்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். செசமி ஸ்ட்ரீட்டின் பல நாட்டு வடிவங்களைப் பற்றி 15 நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பற்றிய தரவுகளோடு தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வும், எழுத்தறிவு, உலக அறிவு, பிறரோடு பழகும் குணம் மூன்றிலும் பயன் இருப்பதைக் கண்டது. அந்தந்த நாட்டின் மொழியும் முகமும் தெருவும் அந்த நிகழ்ச்சிகளில் இருந்தன.

சச்சினும் சக வீரர்களும் 2008 அக்டோபர் 15 அன்று, முதல் உலகக் கை கழுவும் நாளில், சோப்புப் போட்டுக் கை கழுவிக் காட்டியதன் வலிமையும் இங்கேதான் இருக்கிறது. சதம் அடிக்கும் கை சோப்பு நுரையில் இருப்பதைக் குழந்தை பார்த்தது. அது அறிவுரையாக இல்லாமல் செயலாக இருந்தது.

இதற்கு நேரெதிர்க் கவலையும் நியாயமானது. பிள்ளைகள் ஏற்கெனவே திரை முன்னால்தானே கிடக்கிறார்கள்? 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேர உடலுழைப்பும் இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. பெண்பிள்ளைகளின் நிலை ஆண்பிள்ளைகளைவிட மோசம். திரையில் இன்னொரு நிகழ்ச்சி வந்தால் அது எப்படி மருந்தாகும்?

மணிலாவில் ஒரு பையன், பாடியில் ஒரு பெண்

இரண்டு சதுரங்கக் கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1970-களின் இறுதியில், ரயில்வே பணி நிமித்தம் ஒரு தமிழ்க் குடும்பம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்தது. அங்கே பகல் நேரத்தில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி வரும், கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள். மகன் பள்ளியில் இருப்பான். அம்மா சுசீலா ஆட்டங்களையும் புதிரையும் தாளில் எழுதி வைப்பார். மகன் வந்ததும் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். வாரா வாரம் அவனே வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பையன் விஸ்வநாதன் ஆனந்த். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

சுமார் முப்பது ஆண்டு கழித்துச் சென்னை பாடியில் ரமேஷ்பாபு, நாகலட்சுமி தம்பதி, மகள் வைஷாலி எந்நேரமும் கார்ட்டூன் பார்க்கிறாளே என்று கவலைப்பட்டு அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பலகை முன் உட்கார்ந்தான். இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். உலகில் அக்கா தம்பி இருவரும் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

ஒருவரைத் தொலைக்காட்சி சதுரங்கத்துக்கு அழைத்து வந்தது. இன்னொருவர் தொலைக்காட்சியிலிருந்து தப்பிச் சதுரங்கத்துக்கு வந்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். மணிலா நிகழ்ச்சி ஒரு புதிரைக் கொடுத்துவிட்டு முடிந்துபோனது; வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது, மேசை மேல், அம்மாவோடு. கார்ட்டூன் முடிவதில்லை, ஒன்று முடிந்தால் அடுத்தது. குழந்தையைத் திரையிலிருந்து எழுப்பிவிடும் நிகழ்ச்சி ஒரு வகை, உட்காரவே வைத்திருப்பது இன்னொரு வகை. ஆட்டக்காரர் தோன்றும் கல்விப் பகுதிக்கு அடிப்படைத் தேர்வு இதுதான்: படம் முடிந்ததும் குழந்தை எழுந்து எதையாவது செய்து பார்க்கிறதா?

கருவி இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்

தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது லட்சக்கணக்கான வீடுகளுக்கு வகுப்பறையாக இருந்தது அதுதான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின, அண்மையில்தான் மத்திய வாரியத்துக்கு மாறின. பாடத்திட்டம் மாறலாம்; குழந்தையின் பேச்சுமொழி மாறவில்லை. தமிழில் எடுத்த இரண்டு நிமிடப் பகுதிக்குக் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்துக்கும் புதுச்சேரிக் குருசுக்குப்பத்துக்கும் நடுவில் எல்லைக்கோடு எதுவும் தேவையில்லை.

விளையாட்டை விளக்கும் மொழியும் தயாராக இருக்கிறது. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு, ஸ்ரீகாந்த், சடகோபன் ரமேஷ், பத்ரிநாத், லட்சுமிபதி பாலாஜி போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் பேச்சுத் தமிழிலேயே நுட்பங்களை விளக்கிப் பழக்கிவிட்டார்கள். ரவிச்சந்திரன் அஸ்வின் தன் யூடியூப் அலைவரிசையில் அதை இன்னும் விரிவாகச் செய்கிறார். மேற்கு மாம்பலத்துத் தெருவில் டென்னிஸ் பந்தை நடுவிரலால் சொடுக்கி வீசும் 'சொடுக்குப் பந்தை' ஒரு தெரு ஆட்டக்காரரிடம் கற்றுக்கொண்டு, அதையே டெஸ்ட் ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர் அவர். உலகம் அதைக் கேரம் பந்து என்கிறது. விரலில் பந்து எப்படி உட்கார்கிறது, சொடுக்கினால் ஏன் எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று அஸ்வின் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டினால், அது விளையாட்டும் இயற்பியலும் சேர்ந்த பாடம். இடம் அதிகம் வேண்டாம், திண்ணை போதும்.

கேரம் பலகையே ஒரு கணித வகுப்பு. 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகியும், 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமாவும் வடசென்னைக்காரர்கள். ஸ்ட்ரைக்கர் கட்டையில் எந்தக் கோணத்தில் மோதுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பதைப் பாடப்புத்தகம் ஒரு படமாகப் போடும். காசிமா பவுடர் தூவிய பலகையில் அதைக் காட்டிவிட்டு, அடுத்த காய் எந்தப் பையில் விழும் என்று கேட்டு ஐந்து விநாடி காத்திருந்தால், எத்தனை வீடுகளில் பதில் குரல் எழும்பும்! புதுச்சேரிக்கே உரிய பெத்தாங்க் ஆட்டமும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற அந்த இரும்புக் குண்டு ஆட்டத்தில் சின்ன மரப்பந்துக்கு யார் குண்டு அருகில் என்று அளந்து பார்ப்பதே பாதி சுவாரசியம். அளத்தலைக் கற்பிக்க அதைவிட நல்ல ஆட்டம் உண்டா?

எல்லாவற்றையும்விட அவசரமானது நீச்சல். கடலோரக் குழந்தைக்குக் கடலோடு பழக்கம் உண்டு. ஆனால் மணல் போய்க் கல் வந்த கரையில் அலை முன்போல நடந்துகொள்வதில்லை, பாசி படிந்த கல்லில் கால் நிற்பதில்லை. 1994-இல் 12 வயதில் தலைமன்னாரிலிருந்து பாக் நீரிணையையும், அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனைத் தமிழகம் அன்று கொண்டாடியது. தண்ணீரில் தத்தளிக்கும் நண்பனைக் காப்பாற்றக் குதிக்காதே, கயிறோ காலி கேனோ வீசு, பெரியவர்களைக் கூப்பிடு என்பதை அப்படிப்பட்டவர் கடலில் நின்று செய்து காட்டினால், அந்த இரண்டு நிமிடம் ஓர் உயிருக்குச் சமம்.

மாரியப்பன் தங்கவேலு ஒரு காலின் குறையோடு ரியோவில் தங்கம் தாண்டியதையும், வண்ணாரப்பேட்டைப் பெண் பவானி தேவி ஒலிம்பிக்கில் வாள் ஏந்திய முதல் இந்தியர் ஆனதையும் செய்தியாகப் பலமுறை சொல்லியாயிற்று. அவர்கள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எதையாவது சொல்லித் தரும் காட்சிகளை எடுக்க வேண்டிய நேரம் இது. பெரிய பணம் தேவையில்லை. ஒரு காமிரா, வீரரின் அரை நாள், குழந்தைகளை அறிந்த ஓர் ஆசிரியர், நாளைக்கு நான்கு முறை ஒளிபரப்பு.

முதல் பகுதிக்கான கதையும் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அகமதாபாத்தில் ஒரு சிறுவன். கோடை மதியம். பள்ளி ஆசிரியையான அம்மா தூங்க வேண்டும். வீட்டுக்குள் பந்து வீசலாம், ஆனால் சத்தம் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. தரையும் சுவரும் சேரும் மூலையில் பந்து பட்டால் சத்தம் அவ்வளவாக எழுவதில்லை என்று அவன் கண்டுபிடித்தான். மதியம் முழுக்க அந்த மூலையையே குறிபார்த்தான். பும்ராவின் யார்க்கர் பிறந்த கதையாக அவரே சொன்னது இது.

குருசுக்குப்பத்திலும் மதியம் சத்தம் போடக் கூடாத வீடுகள் உண்டு. விடிவதற்கு முன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய்த் திரும்பிய அப்பா, சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கண் அசந்திருப்பார். வெளியே வெயில், தெருவில் நிழல் இல்லை. கையில் ரப்பர் பந்தோடு ஒரு பையனோ பெண்ணோ சுவரைப் பார்த்து நிற்கும் அந்த நேரத்தில், டிவியின் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்க்கும்படி, பும்ரா தமிழ்க் குரலில் அந்த மூலையைக் காட்ட வேண்டும்: இங்கே போடு, சத்தம் வராமல், பத்து தடவை.